பெயர் கிடைக்காத கிருமி

பொங்கல் விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறந்தபோது பிரீசரின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. செவ்வந்தி பதறிப்போய்க் கதவை இழுத்தாள். உள்ளே குழாய்களில் உறையவைத்திருந்த கிருமி மாதிரிகள் எல்லாம் உருகிக் கிடந்தன. கம்ப்ரசர் எரிந்துபோயிருந்தது.

கோவைக் கல்லூரி ஒன்றில் அவள் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி. மதுக்கரைப் பக்கம், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழியில் தேங்கிய தண்ணீரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருந்தாள். ஆய்வக வளர்ப்புத் தட்டில் அது ஆரஞ்சுப் புள்ளிகளாக வளரும். மரபணுவைச் சோதித்ததில், அது யாரும் இதுவரை விவரிக்காத இனம் என்று தெரிந்தது. ‘கொங்குவென்சிஸ்’ என்று பெயரும் யோசித்துவிட்டாள். ஆனால் பெயர் செல்லுபடியாக, உயிருள்ள கிருமியை இரண்டு நாடுகளின் கிருமிச் சேமிப்பகங்களில் ஒப்படைத்தாக வேண்டும். விடுமுறை முடிந்ததும் அனுப்புவதாக இருந்தாள்.

உருகிப்போன ஒவ்வொரு குழாயிலிருந்தும் எடுத்து வளர்த்துப் பார்த்தாள். எதுவும் முளைக்கவில்லை.

கணவன் ஆல்வினோடு பைக்கில் மதுக்கரைக்கு விரைந்தாள். குழியைக் காணோம். செம்மண் கொட்டி மட்டம் செய்திருந்தார்கள்.

“ஏனுங்க, இங்க குழியில தண்ணி நின்னுச்சுங்களே?”

“மூடிப்போட்டாங்க அம்மணி. ஊடு கட்டச் சைட்டு போடறாங்க” என்றார் காவலாளி பாலுசாமி.

“ஒரு ஓரமாத் தோண்டிக்கட்டுங்களா? ஒரு பை மண்ணு போதுமுங்க.”

அவள் அழுகையைப் பார்த்து அவரே கடப்பாரை கொடுத்தார். வெயில் சாயும்வரை அவளும் ஆல்வினும் தோண்டினார்கள். ஆல்வினின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கடைசியில் பழைய குழியின் ஈரமான வெள்ளைச் சேறு வந்தது.

சில நாளில் தட்டில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி முளைத்தது. செவ்வந்தி அதை மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். எங்கும் கிடைக்கிற, எப்போதோ பெயர் வைக்கப்பட்ட இனம் என்று முடிவு வந்தது. மீதிச் சேற்றையும் கரைத்துத் தட்டுத் தட்டாகப் பரப்பினாள். அவள் தேடியது வரவில்லை.

“கிருமிக்கு வெறும் நம்பர் போட்டுத் தீசிஸை முடிச்சுரு கண்ணு. பேரை எடுத்துப்போடு” என்றார் அவள் வழிகாட்டியான பேராசிரியர் கிருபாசங்கர்.

“மழைக்கு அப்பறம் ஒருக்காத் தோண்டிப் பாக்கறேனுங்க சார்.”

“அதுக்குள்ள அங்க ஊடு எந்திரிச்சுருமேம்மா.”

அவள் கணினி முன் உட்கார்ந்து, ஆய்வேட்டில் அந்தப் பெயர் வந்த இடமெல்லாம் தேடித்தேடி அழித்து எண்ணைப் போட்டாள்.

சாயங்காலம் கல்லூரி வாசலில் ஆல்வின் காத்திருந்தான். “என்ன சொன்னாரு?”

“முடிஞ்சுபோச்சுங்க” என்றாள். வண்டியில் ஏறி அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உக்கடம் தாண்டியும் அவள் அழுகை நிற்கவில்லை.