முகத்துக்கு நேரே நின்ற மகள்

திருகோணமலைக் கடற்கரையில் என்னைப் போல் கண் கூர்மையானவன் கிடையாது. அது பொய். பள்ளிக்கூடம் போகாத நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற மனைவியே தலையில் அடித்துக்கொள்கிறாள்.

கரைவலைக்கு மீன் பார்ப்பது என் வேலை. மீன் கூட்டத்தால் தண்ணீர் எங்கே கறுக்கிறது என்று கரையில் நின்று பார்த்துத் தோணிக்குக் கைகாட்ட வேண்டும்.

போன மாதம் சூடைமீன் கூட்டமொன்று வந்தது. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ குறுக்கே வந்து நின்றார்கள். "மறைக்காத, அங்கால போ!" என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். வலை நிறைந்தது. ராசா மாதிரித் திரும்பினேன்.

வலை இழுக்கிற செல்வம் கேட்டான்: "என்னண்ணே, இன்னும் மகளோட கோபமோ? குழந்தையையும் தூக்கிக்கொண்டு அழுதழுது போறா."

விரும்பியவனைக் கட்டிக்கொண்டு வெருகலுக்குப் போன மகள் அவள். அன்றிலிருந்து நான்தான் கதைக்கவில்லை. பேரனைக் காட்ட வந்திருக்கிறாள். கடலுக்குள் கிடந்த மீனைக் கண்ட இந்தப் பெரிய கண்ணுக்கு அவள் தெரியவில்லை.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது. போன் அடித்து, உன்னைக் காணவில்லை மகளே என்றேன்.

"காணேல்லையோ? உங்கட முகத்துக்கு நேரதான் நிண்டனான் அப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் போன் எடுப்பதில்லை.

இப்போது கரையில் நிற்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகுதான் கடலைப் பார்க்கிறேன். மீன் தப்பினால் தப்பட்டும். மகளே, இதை நீ வாசித்தால்...

"அண்ணே, தண்ணி கறுக்குது! ஓடி வாங்கோ!"

செல்வம் கூப்பிடுகிறான். போகிறேன். முதலில் கரையைத்தான் பார்ப்பேன்.