துப்புகிற வேலை

காலையில் பூவார் ரிசார்ட் ஒன்றில், எந்த மீனுக்கு எந்த ஒயின் என்று பரிமாறுகிறவர்களுக்கு வகுப்பெடுத்தேன். ருசி பார்த்ததும் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாவது ஒயினில் நாக்கு மரத்துவிடும் என்பதுதான் முதல் பாடம்.

மதியம் பாறசாலையில் வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மதிலுக்கு மேலாகக் கிளாஸை நீட்டினார். கிறிஸ்துமசுக்கு ஜாடியில் போட்ட திராட்சை ஒயின்.

"மக்கா, நீயாக்கும் முதல்ல குடிச்சுப் பாத்துச் சொல்லணும்."

சுழற்றினேன், முகர்ந்தேன், ஒரு வாய் எடுத்தேன். பழக்கதோஷத்தில் செம்பருத்திச் செடியின் மூட்டில் துப்பிவிட்டேன்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "கெட்டுப் போச்சா மக்கா? சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுக்க வச்சதாக்கும்!"

"இல்லக்கா, நல்ல ஒயினையும் துப்பத்தான் செய்வோம். அதாக்கும் எனக்க வேல."

"துப்புயதுக்கா உனக்கு சம்பளம் தாறான்?"

இன்னொரு கிளாஸ் வாங்கிச் சொட்டு விடாமல் குடித்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார். கிராம்பு மணம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அருமையான ஒயின்.

இத்தனை வருடமாக என் வேலை என்னவென்று தெருவில் யாருக்கும் விளங்கியதில்லை. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பால் வாங்கப் போனால் கடைக்கார அண்ணன் கேட்கிறார்:

"எனக்க மச்சினன் நாள் முழுக்க வெத்தில போட்டுத் துப்புவான். அவனுக்கும் அங்க வேல உண்டா?"