இன்டர்நெட்டுக்கு முறை வைத்த வீடு

எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது பிரிக்க முடியாமல் நின்றது டெலிபோன் ஒன்றுதான். பீங்கான் பொம்மை சுடும் சூளை என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, கடைத்தெருவில் இருந்த கடை எங்களுக்கு, வீட்டுக்கு நடுவில் சுவர் என்று ஒரே மத்தியானத்தில் பேசி முடித்துவிட்டார்கள். போன் யாருக்கு? பொம்மை வாங்குகிற அத்தனை பேரிடமும் அந்த ஒரு நம்பர்தான் இருந்தது. அண்ணனும் விடவில்லை, தம்பியும் விடவில்லை. கடைசியில் புதுச் சுவரில் சதுரமாக ஓர் ஓட்டை விட்டு, அதில் போனை உட்கார வைத்தார்கள். எந்தப் பக்கமிருந்தும் எடுக்கலாம். எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "பேச்சுவார்த்தை இல்லாத வூட்டுல போனுக்கு மட்டும் ஜன்னல் வச்சிருக்கீங்க" என்றாள். எங்களைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

மூத்தவரை நான் மாமா என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். மாமாவிடம் பழைய டயல்-அப் இருந்தது. போட்டதும் கீச்சுகீச்சென்று கத்தி, கரகரவென்று காறி, அப்புறம்தான் மனசு வந்து இணையும். தம்பி சும்மா இருப்பாரா? அதே லைனில் பிராட்பேண்ட் வாங்கினார். லைன்காரர் வந்து ஓட்டைக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை வைத்து, ஒயரை இரண்டாகப் பிரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாமாவின் இன்டர்நெட் எப்போது அறுந்தாலும் அது தம்பி உறிஞ்சியதால்தான். யாராவது ரிசீவரைத் தூக்கினால் டயல்-அப் அறுந்துபோகும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, சண்டைக்கு அது உதவாதே.

பஞ்சாயத்துக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து இவர்களுடைய தாய்மாமன் வந்தார். வாழ்நாளெல்லாம் பங்குக் கிணற்றுத் தகராறு தீர்த்தவர். இன்டர்நெட்டை அவர் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இருப்பதாக நினைக்கவில்லை. "ஒரே கிணறு, ரெண்டு மோட்டாரு. ஒண்ணா ஓட்டினா ரெண்டு பேருக்கும் சேறுதான் வரும். காலையில மூத்தவன் இறைக்கட்டும், மத்தியானத்துக்கு மேல சின்னவன் இறைக்கட்டும்" என்றார். டிப்ளமோ படித்த இரண்டு ஆம்பிளைகளும் தலையாட்டினார்கள். அதற்குப்பிறகு காலையில் எங்கள் மோடத்தை அணைத்து வைப்பது என் வேலையாயிற்று, அடுப்பை அணைப்பது மாதிரி.

ஒருநாள் மறந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஏதோ படித்துக்கொண்டிருக்கிறேன், ஓட்டை வழியாக மாமாவின் டயல்-அப் கீச்சென்று கிளம்புகிறது. மோடத்தை அணைக்கக் கையை நீட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் ஓடியது, எனக்கும் ஓடியது. அந்த வாரம் முழுக்க வேண்டுமென்றே அணைக்காமல் விட்டுப் பார்த்தேன். சேறு வரவே இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, பெரியவங்க உட்கார்ந்து பேசி முடித்ததை நீ மாத்தப் போறியா என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவிடம் ஓட்டை வழியாகச் சொன்னேன்.

"அப்போ இந்த முறையெல்லாம் எதுக்குடி?"

"நமக்கு இல்லக்கா. அவங்களுக்கு வேணும்."

அந்த வருஷம் மழை முடிந்தும் சூளை பற்றவைக்கவில்லை. ஆர்டர் இல்லை. அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு வியாபாரி, மாமா புதிதாக அச்சுப் போட்ட பீங்கான் யானையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வரவில்லை என்றால் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். மாமா தினமும் காலையில் யானையை டயல்-அப்பில் ஏற்றுவார். தும்பிக்கை போய் முன்னங்கால் போவதற்குள் லைன் அறுந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே போனால் மற்ற பொம்மைக்காரர்கள் எட்டிப் பார்த்து அச்சைத் திருடிவிடுவார்களாம். தம்பியைக் கேளுங்களேன் என்று அக்கா சொன்னதற்கு, "அவன் வூட்டு வாசல்ல யானைய வச்சிக்கிட்டு நிக்கணுமா நானு?" என்று கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை சாயந்திரம் ஓட்டையில் அக்காவின் முகம் தெரிந்தது. சிரிப்பே இல்லை. "சூளையில நிக்கற ஆளுங்க பெண்ணாடம் சக்கரை ஆலைக்குப் போறோம்ங்கறாங்க. அவங்க போயிட்டா அப்புறம் ஆர்டர் வந்தும் சுட ஆளு இல்ல. சூளைக் கொட்டகைய வித்துட்டு இவரு வூட்டுல உட்கார்ந்தா என்ன ஆவாருன்னு உனக்கே தெரியும்."

மறுநாள் காலை, மாமாவின் முறை. அந்தப் பக்கம் கீச்சுச் சத்தம் ஆரம்பித்தது. ஓட்டைக்குள் போனைச் சுற்றிக்கொண்டு ஒரு குழம்புக் கிண்ணம் என் பக்கம் வந்தது. மூடிமேல், அக்கா பாஸ்வேர்டு எழுதிய காகிதத்தில் மடித்த கேமரா கார்டு. மாமாவின் மெயிலுக்குள்ளேயே போய் அனுப்பினேன். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? அதே போன் நம்பர். அதை விட்டால் அவருக்கு உலகத்தில் வேறு சொத்து இல்லை பாருங்கள். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதற்குள் அத்தனை யானையும் வாலோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் மாமா இன்னும் தும்பிக்கையிலேயே இருந்தார்.

வெறுத்துப்போய் மாமா லைனை விட்டதும் மணி அடித்தது. ஓட்டைக்குள் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கை நீண்டது. மாமாவின் கை முந்தியது. யானை பிடித்திருக்கிறது, சூளையைப் பற்றவையுங்கள் என்றார் பெங்களூர்க்காரர். மாமா அதற்கப்புறம் மெயிலைத் திறந்து பார்த்து, அறுந்துபோவதற்கு முன்னாடியே எல்லாம் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார். பிராட்பேண்டு வேகமா ஓடும், டயல்-அப்புதான் பொறுப்பா கொண்டுபோய் சேர்க்கும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், நான் விட்டுக்கொடுத்து ஆஃப் பண்ணி வச்சதாலதான யானை போய்ச் சேந்துச்சு என்று என்னிடம் சொன்னார். மோடம் அவர் முதுகுக்குப் பின்னால் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

சூளை பற்றவைத்த அன்று தாய்மாமனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் அக்காவையும் என்னையும் கூப்பிட்டு, முறை ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரித்தார்.

"நீங்க முறை வைக்கலன்னா அந்த யானை பெங்களூரே போயிருக்காது பெரியப்பா" என்றாள் அக்கா. முகத்தில் ஓர் அசைவு இல்லை. நான்தான் காபி எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே ஓடினேன்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர், இனிமேல் காலையில் இன்னும் கண்டிப்பாக அணைத்து வைக்கவேண்டும், அண்ணன் பிழைப்பு அதில் இருக்கிறது என்று உத்தரவு போட்டார். சரிங்க என்றேன். விடிந்ததும் பழைய தலையணை உறை ஒன்றை எடுத்து மோடத்தின்மேல் போர்த்தினேன், விளக்கு எரிவது தெரியாதபடி.