போலிஷ் படித்த ஆனந்தவள்ளி

ஆனந்தவள்ளிக்குத் திருச்சி புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை. வீடு முசிறி. கணவன் ரஞ்சித் போலந்து நாட்டில் ஒரு குளிர்கிடங்கில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் அவளையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அந்த நம்பிக்கையில் அவள் அந்த ஊர் பாஷையைப் படிக்கத் தொடங்கினாள்.

“பாலிஷா? செருப்புக்குப் போடுறதா?” என்று மாமியார் மயிலம்மாள் கேட்டார்.

“போலிஷ், அத்தை. அவங்க பேசுற பாஷை.”

சொல்லித்தர திருச்சியில் ஆள் கிடைக்கவில்லை. தமிழில் புத்தகமும் இல்லை. செல்போனில் இலவசமாக ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டாள். இணையத்தில் கிடைத்த பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வாங்கினாள். காலை பஸ்ஸில் ஆப், மாலை பஸ்ஸில் புத்தகம்.

ஒரு நாள் படிக்காவிட்டாலும் ஆப் அழுகிற முகம் காட்டும். அதற்குப் பயந்தே இருநூறு நாள் விடாமல் படித்தாள். ஆனால் வாத்து தண்ணீர் குடிக்கிறது, வாத்துக்கு ரொட்டி பிடிக்கும் என்றே அது ஓட்டிக்கொண்டிருந்தது. வார்த்தையின் வால் ஏன் மாறுகிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதைச் சொன்னது புத்தகம்தான். வேற்றுமை ஏழு என்று பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு எட்டு ஆயிற்றே. அதைவிட, அதை விளக்கிய ஆங்கிலம்தான் அவளைப் படுத்தியது. புத்தகத்தோடு வந்திருக்கவேண்டிய ஒலிநாடா எங்கே போனதோ, யாருக்கும் தெரியாது.

தை மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு ரஞ்சித்தின் அறைத்தோழன் பிச்சமுத்து அழைத்தான்.

“அண்ணி, பதறாதீங்க. நேத்து நைட்டு அண்ணனுக்குக் கால்ல அடி. சரக்கு தூக்குற வண்டி ஏறிடுச்சு. ஆஸ்பத்திரி நம்பர் அனுப்புறேன். அங்க இங்கிலீஷ் யாருக்கும் வரல. உங்க பேரைத்தான் அண்ணன் எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க பேசுங்க, நீங்கதான் படிச்சிருக்கீங்களே. நான் ஷிப்டுக்குப் போயாகணும்.”

ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள்: நான் ரஞ்சித்தின் மனைவி. அவர் எப்படி இருக்கிறார்? புத்தகத்தைப் புரட்டி, ‘மனைவி’க்கு அந்த இடத்தில் என்ன விகுதி வரும் என்று சரிபார்த்துக்கொண்டாள். பக்கத்து சீட்டில் வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்து மைத்ரேயி மாமி, தன் போனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் எடுத்தாள். ஆனந்தவள்ளி இரண்டு வாக்கியத்தையும் பிசகாமல் சொன்னாள். அதுதான் வினையாகிவிட்டது. இவளுக்குப் பாஷை நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நர்ஸ் மடமடவென்று பேச ஆரம்பித்தாள். ஆப்பில் கேட்ட குரல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லும். இது வெள்ளம் மாதிரி வந்தது. ‘ப்ரோஷெ மூவிச் வோல்னியெய்’, தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள் என்றாள். இரண்டு சொல் மெதுவாக வந்தது, பிறகு பழைய வேகம்தான். கால் என்பது காதில் விழுந்தது. நாளை என்பதும் விழுந்தது. மாமியின் போனில் ‘கால் கடைக்குக் கீழே’ என்று ஏதோ வந்தது.

கடைசியில் நர்ஸ் ஒரு கேள்வி கேட்டாள். புரிந்ததா என்று கேட்கிறாள் என்பது மட்டும் ஆனந்தவள்ளிக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பாடத்தில் இருநூறு நாளாகச் சொன்ன பதில்தான் வாயில் வந்தது: “ஆமாம், நன்றி.”

“என்னம்மா சொன்னா?” என்றார் மாமி.

“கால்னாங்க. நாளைக்குன்னாங்க. நாளைக்குப் பேசலாம் போல, மாமி.”

“பெருமாள் பாத்துப்பார். கவலைப்படாதே.”

மாலை பஸ் குணசீலத்தைத் தாண்டும்போது பிச்சமுத்து மறுபடி அழைத்தான். ஷிப்டு முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கே போயிருந்தான்.

“அண்ணி… முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. நைட்டே எடுத்துட்டாங்களாம். உங்ககிட்ட சொல்லிட்டதா நர்ஸம்மா செல்லுல டைப் பண்ணிக் காட்டுறாங்க.”

“சொன்னாங்க. நான் நன்றின்னு சொன்னேன்” என்றாள் ஆனந்தவள்ளி. முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சித்திரையில் ரஞ்சித் ஊன்றுகோலோடு வந்து இறங்கினான். காயம் முழுசாக ஆறியிருக்கவில்லை. புத்தூர் டாக்டர், அங்கே என்ன செய்தார்கள் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பார்க்கமுடியும் என்றார். போலந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆறு தாள்களில் அச்சடித்தவை ஐந்து. புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்து, மருந்து, தேதி, தையல் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டு போனாள். டாக்டர் பாராட்டினார். ஆறாவது தாளை எடுத்தார். அது முழுக்கக் கையால் எழுதியது.

“இதுல என்னம்மா போட்டிருக்கு?”

கொக்கியும் கோடுமாக ஓடிய அந்த வரிகளில் ஒரு எழுத்துகூட அவளுக்குப் பிடிபடவில்லை.

“அச்சுன்னா படிச்சிருவேன், சார். கையெழுத்து… எனக்குத் தெரியல.”

டாக்டர் தாளை மற்றவற்றுக்கு அடியில் வைத்துவிட்டு, காயத்தின் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.