பூட்டிய அறையில் காலப் படிகம்

கடலூர்ப் பெருமக்களே! சிதம்பரத்திலிருந்து பேருந்தேறி வந்த தோழர்களே! பேராசிரியர் ஆரோக்கியமேரி அம்மையாரை அடக்கம் செய்து இன்னும் பத்து நாள் ஆகவில்லை. அவருடைய பதினோரு குறிப்பேடுகளை இன்று மாலை கல்லூரிக்காரர்கள் பழைய தாளோடு எடைக்குப் போடப் போகிறார்கள். வணக்கம் செலுத்த வந்த நான் சினத்தோடு நிற்பது இதனால்தான்.

சாவுச் செய்தி வந்தபோது ஸ்ரீமுஷ்ணத்தில் மேடையேறக் காத்திருந்தேன். அம்மையாரோடு ஆறாண்டு ஆய்வு செய்த திட்டக்குடி இளவரசன் அழைத்தார். "அண்ணே, மேடம் போயிட்டாங்க." நான் பேசாமல் திரும்பிய மேடை அது ஒன்றே.

அவரை அறிந்தது இதே மன்றத்தில். கடலூரில் பிறந்து, சிதம்பரத்துக் கல்லூரியொன்றில் குவாண்டம் இயற்பியல் கற்பித்தவர். அன்று இங்கே நடந்த அறிவியல் விழாவுக்கு நான் தலைவர். "காலப் படிகம் என்றால் என்ன, அம்மையீர்?" என்றேன். அவர் கட்டளையிட்டார்.

"நான் கை தட்டுனா எல்லாரும் எழுந்திருங்க. அடுத்த தட்டுக்கு உக்காருங்க. தலைவர் அண்ணே, நீங்களுந்தான்!"

அவை எழுந்தது, அமர்ந்தது, மீண்டும் எழுந்தது. தலைமைப் பெருமிதத்தில் நான் ஒரு தட்டைத் தவறவிட்டேன். எல்லாரும் அமர, நான் மட்டும் நின்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் என் துண்டைப் பிடித்து இழுத்தார். "உக்காருய்யா, மானத்த வாங்காத!"

சிரிப்பு அடங்கியதும் அம்மையார் சொன்னார்: "இப்ப இழுத்தாரே, அதாண்ணே விஷயம். அணுக்களும் ஒவ்வொரு தட்டுக்கும் பொரளும். ரெண்டு தட்டுக்கு ஒருவாட்டிதான் பழைய நெலைக்கு வரும். தட்டு கொஞ்சம் பெசகுனாலும் பக்கத்துல இருக்கிறது உடாது. ஓயாம உலுக்குறோம், சூடேறிக் கொழம்பியிருக்கணும். கொழம்பல! அந்தத் தாளந்தான் காலப் படிகம்."

தட்டு எவ்வளவு பிசகினால் அந்த ஒழுங்கு உடையும்? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. பென்சிலால் கணக்கிடுவார்; அழிப்பானைத் தொடமாட்டார். தவறான வரியை ஒரே கோட்டால் அடித்துவிட்டுத் தொடர்வார். "தப்பும் இருக்கட்டும்ணே. எங்க வழி மாறுனேன்னு தெரியணுமில்ல?" என்பார்.

மருத்துவமனையில் இளவரசனிடம் அவர் கடைசியாகச் சொன்னது: "பதினொண்ணாவது நோட்ல வெட வந்துடுச்சு. ஒருவாட்டி சரிபாரு."

சரிபார்க்கக் கல்லூரிக்குப் போனவர் கண்டது, ஏடுகள் இருந்த அம்மையாரின் அறையில் பூட்டு. அறை வேறு வேலைக்கு வேண்டுமாம். "நோட்டக் கேட்டு எழுதிக் குடுத்தேண்ணே. பக்கத்துக்குப் பக்கம் அடிச்சி வச்ச நோட்டு, இதுல என்ன இருக்குன்னு சிரிக்கிறாங்க" என்று அழுதார் இளவரசன். அம்மையாரின் நேர்மையே அவர்கள் கண்ணுக்குக் குப்பையாகிவிட்டது!

பெருமக்களே, அவர் உடலை மண் கொண்டது, அது இயற்கை. அவர் கண்ட விடையைப் பழைய தாள் கடை கொள்ள விடுவோமா? வாயிலில் பேருந்து நிற்கிறது. மாலைக்குள் சிதம்பரம் சேர்ந்து, அந்தப் பதினோரு ஏடுகளையும் இளவரசன் கையில் வாங்கிக் கொடுப்போம்.

அம்மையீர், சென்று வாருங்கள். உங்கள் அவை உங்களை மறக்கவில்லை.

இதோ, ஒரு முறை கை தட்டுகிறேன். எழுந்திருங்கள்! பக்கத்தில் எவரேனும் அமர்ந்திருந்தால் கைபிடித்துத் தூக்குங்கள். அமர்வதற்கான தட்டு, அந்த அறை திறந்த பிறகுதான். நடங்கள்!