பார்க்காமல் விட்ட இடது சிறுநீரகம்

இங்கே பர்மிங்காமில் ஒரு நோயாளியின் இடுப்பில் ஸ்கேன் ஜெல் பூசுவதற்கு முன், "கொஞ்சம் குளிரும், பரவாயில்லையா?" என்று அனுமதி கேட்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அண்ணாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

யுத்த காலத்தில் நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு வீட்டின் வாடகைப் பகுதியான அனெக்ஸில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். கிருலப்பனைச் சோதனைச் சாவடியில் இராணுவம் பிடித்துக்கொண்டு போன அண்ணாவை ஆறு கிழமைக்குப் பிறகு விட்டார்கள். இடது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத நோ, உடம்பெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் கட்டிலடிக்கு ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தான். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்தான். வலது பக்கத்தில் அரை நிமிடம் கருவியை வைத்துவிட்டு ஜெல்லைத் துடைத்தான்.

"நோ இடப் பக்கம்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "அடித்தார்கள் என்று கடிதம் வாங்கத்தான் இவர்கள் வருகிறார்கள்" என்று தாதியிடம் சொன்னான். பிறகு என்னிடம், "மொகுத் நே, யண்ட." ஒன்றுமில்லை, போ.

இடது பக்கத்தில் கல் அடைத்திருந்தது. பதினொரு நாளில் அந்தச் சிறுநீரகம் சீழ் பிடித்து, வேறோர் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள்.

அந்த டொக்டரின் பெயரை நான் மறக்கவில்லை. இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, கட்டிலடியில் ஸ்கேன் பார்ப்பதில் கைதேர்ந்ததும் அவனை நினைத்துத்தான். திரையில் சிறுநீரகம் சாம்பல் நிறமாக, நடுவில் வெள்ளையாகத் தெரியும். சிறுநீர் தேங்கினால் அந்த வெள்ளைக்குள் கறுப்பு விரியும். அதை மற்றவர்களுக்குக் கற்பிக்கும் அளவுக்கு வந்தேன்.

யுத்தம் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக் குழுவை ஸ்கேன் பயிற்சி வகுப்பு நடத்தக் கொழும்புக்கு அழைத்தார்கள். வகுப்புக்கு வருகிறவர்களின் பெயர்ப்பட்டியலில் அந்த டொக்டர் இருந்தான். தலை நரைத்திருந்தது. இளம் டொக்டர்கள் பன்னிரண்டு பேருக்கு முன்னால் அவனையே செய்துகாட்டச் சொன்னேன்.

நோயாளி கொம்பனித்தெருவைச் சேர்ந்த முதியவர், ஒரு முஸ்லிம். "மகள், ஒண்டுக்கு வருது, போய்ட்டு வரட்டா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். தெரிந்துதான் சொன்னேன்.

அவன் வலது பக்கத்தைப் பார்த்தான். நடுவில் லேசான கறுப்பு. "அடைப்பு. சர்ஜனிடம் அனுப்ப வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜெல்லைத் துடைக்கப் போனான்.

"இடது?" என்றேன்.

பார்த்தான். அங்கும் அதே கறுப்பு.

"இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடைத்ததா? சிறுநீர்ப்பையைப் பார்த்தீர்களா?"

அது நிரம்பி முட்டிக்கொண்டிருந்தது; பை நிரம்பினாலே சிறுநீரகத்தில் அந்தக் கறுப்பு வரும். முதியவரைப் போகவிட்டேன். திரும்பி வந்தபின் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை. இளம் டொக்டர்கள் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. பொய் சொல்ல மாட்டேன், அது எனக்கு இனித்தது. வகுப்பு முடிந்ததும் அவன் வந்து கைகொடுத்து, "நல்ல பாடம், மேடம், நன்றி" என்றான். பழிவாங்கியதை அவன் பாடமாக எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கொட்டாஞ்சேனையில் அண்ணா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னை அவனுக்கு ஞாபகம் இருந்ததோ?"

"இல்லை. நானும் சொல்லேல்லை."

"பிறகென்னத்துக்கடி போனனீ?" என்றார் அண்ணா. "அந்த மனுசனை ஒண்டுக்குப் போக விடாமலே வைச்சிருந்தனீ?"

"கொஞ்ச நேரம்தான், அண்ணா."

"உள்ளுக்கை, அந்த ஆறு கிழமையும், எங்களையும் அப்பிடித்தான் வைச்சிருந்தவங்கள்."

  அந்த டொக்டர் மேலுள்ள கோபம் அதன் பிறகும் குறையவில்லை.

விமான நிலையத்துக்கு அண்ணா கூட வந்தார். வாசலில் பெட்டியை என் கையில் தந்துவிட்டு அங்கேயே நின்றார். உள்ளே, என் பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் நான் இந்த நாட்டில் பிறந்தவள் என்றிருப்பதைப் பார்த்த அதிகாரி சிநேகமாகச் சிரித்தார். "கெதரத யன்னே?" வீட்டுக்கா போகிறீர்கள் என்று கேட்கிறார். "ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. எந்த வீட்டை நினைத்துச் சொன்னேனோ தெரியாது. அவர் முத்திரை குத்திக்கொண்டிருக்க, என் கண் வாசல் பக்கம் திரும்பி அண்ணாவைத் தேடிக்கொண்டிருந்தது.