குளிர்ந்த தண்ணீர் சுட்ட ஆடி மாதம்

கருவாட்டு வாசனை வயிற்றைப் புரட்டியதால் நான் பிழைத்தேன். அப்போது நான் மாசமாக இருந்தேன். ஆடி மாதம், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். கூழுக்குத் தொட்டுக்கொள்ள வீட்டுக்கு வீடு கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில், அந்தமானில் வேலை பார்த்த என் அண்ணன், தன் மச்சானுக்கென்று கொண்டுவந்த பெரிய சீலா மீன் கருவாடு. என் கணவர் ஒருவரே அதை ரசித்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் வாந்தி, பேதி. பிறகு உதடும் விரல்நுனியும் மரத்துப்போனதாகச் சொன்னார். பானைத் தண்ணீரைச் சொம்பில் கொடுத்தேன். வாயில் வைத்தவர் சொம்பைத் தூக்கி எறிந்தார்.

"நெருப்பைக் குடுக்கிறியா? நாக்கு எரியுது மே."

பானைக்குள் கை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஆடியில் உடம்பு எரிந்தால் எங்கள் தெருவில் யாரும் டாக்டரைத் தேடமாட்டார்கள். அம்மன் கோபம், குளிர வைக்க வேண்டும், அவ்வளவுதான். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடம் குடமாக அவர் தலையில் ஊற்றினார்கள். அவர் அலறினார். அலற அலற ஊற்றினார்கள்.

"இன்னா தப்பு பண்ணே, ஆத்தாகிட்ட சொல்லிடுபா," என்றார் தறிவேலை கொடுத்த முதலாளி. அவர் நேர்ந்துகொண்டு அம்மனுக்குச் சாத்த இருந்த பட்டுப்புடவைதான் அப்போது எங்கள் தறியில் இருந்தது.

"ஒண்ணும் பண்ணல." இன்னொரு குடம். "வுட்ருங்க, எரியுது." இன்னொரு குடம். நான் குறுக்கே போய் விழுந்தேன். என்னை இழுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள்.

கடைசியில் சொன்னார்: "புடவை ஜரிகையில கொஞ்சம் எடுத்துட்டேன்."

தண்ணீர் நின்றது.

அடுத்தவர் பட்டில் ஓர் இழை தொடாத மனுஷன் அவர். மறுநாள் முதலாளி தறியில் இருந்த பாவு நூலைப் புடவையோடு அறுத்து எடுத்துப்போய், மீதி ஜரிகையோடு சேர்த்து எடை போட்டார். எதுவும் குறையவில்லை. "ஆத்தாளே சொல்ல வெச்சிட்டா. தராசு இன்னா சொன்னா இன்னா?" என்றார். பாவி மனுஷன். அதற்குப் பிறகு தெருவில் ஒருவரும் என் கணவருக்குத் தறிவேலை தரவில்லை. உடம்பு தேறியதும் சாயப்பட்டறையில் நூல் பிழியப் போனார்.

சில வருடம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். கடலுக்கடியில் பவளப்பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத நச்சுப்பாசி ஒட்டியிருக்குமாம். அதைச் சின்ன மீன் தின்ன, சின்ன மீனைச் சீலா போன்ற பெரிய மீன் தின்ன, நஞ்சு சேர்ந்துகொண்டே போகுமாம். உப்புப் போட்டாலும் கொதிக்க வைத்தாலும் போகாதாம். தின்றவருக்குக் குளிர்ந்த தண்ணீர் நெருப்பாய்ச் சுடுமாம். வெறும் பாசி.

ஓடிப்போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். சாயம் ஏறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"நான் ஜரிகை எடுக்கலன்னு அதுல போட்டிருக்குதா?" என்றார்.